வெயிலில் தெரியும் வலைக் கீறல்: எந்தப் பொலிஷ் பஞ்சு வாங்குவது, எப்படிக் கழுவி வைப்பது?

கொக்குவில் பெடியன்:

அண்ணைமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு கறுப்பு அக்ஸியோ நிற்கிறது. நிழலில் பார்த்தால் புதுக் கார். வெயிலுக்குக் கொண்டுபோனால் பொனற் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல். ஆவணியில் அக்காவுக்குக் கலியாணம், மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வரவேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். வெளியில் கொடுத்துச் செய்விக்கக் கேட்ட காசுக்குப் பொலிஷ் மெஷினே வாங்கலாம் போலிருந்தது, வாங்கிவிட்டேன். சுழன்றபடி அதிரும் டி.ஏ. வகை, 15 மி.மீ. வீச்சு, 5 அங்குலத் தட்டு.

சிக்கல் பஞ்சில்தான். (யூரியூப்பில் பாட் என்கிறார்கள், கடையில் பஞ்சு என்கிறார்கள். நானும் பஞ்சு என்றே எழுதுகிறேன். 'பாட்டை மாற்றினேன்' என்று எழுதினால் நீங்கள் ரேடியோவை நினைப்பீர்கள்.) கடையில் மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை, கறுப்பு, நீலம் என்று அடுக்கியிருக்கிறார்கள், பக்கத்தில் ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு கம்பளியும். "மஞ்சளை எடுங்கோ தம்பி, எல்லாத்துக்கும் சரி" என்றார் கடைக்காரர். ஒன்று எடுத்து வந்தேன். இரவு பார்த்த வீடியோவில் ஒருவர் மஞ்சளைக் கடைசி மினுக்கலுக்குப் பாவிக்கிறார், இன்னொருவர் மஞ்சள்தான் ஆகக் கடுமையானது, கவனம் என்கிறார். யார் சொல்வது சரி?


சுன்னாகத்துப் பெயின்டர்:

தம்பி, இரண்டு பேரும் சரி. நிறத்துக்குப் பொது விதி கிடையாது, ஒவ்வொரு கொம்பனிக்கும் தனிக் கணக்கு. லேக் கன்ட்ரி என்ற கொம்பனியில் மஞ்சள் கடும் வெட்டு (மேற்பூச்சைத் தேய்த்தெடுப்பதைத்தான் வெட்டு என்கிறோம்), செம்மஞ்சள் அதற்கு அடுத்தது, வெள்ளை பொலிஷ், கறுப்பு கடைசி மினுக்கல். ரூபெஸில் நீலம்தான் கடுமை, பிறகு பச்சை, அதன் பிறகே மஞ்சள், அங்கே மஞ்சள் மென்மையானது. மெகையர்ஸில் மஞ்சள் நடுத்தரம். பெயரில்லாத பஞ்சு என்றால் நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல ஏலாது.

பெருவிரலால் அழுத்திப் பார். விரல் சிரமப்பட்டுப் புதைந்து, எடுத்த உடனே துள்ளி எழும்பினால் அது வெட்டுப் பஞ்சு. பாண் மாதிரிப் புதைந்து ஆறுதலாக எழும்பினால் மினுக்கும் பஞ்சு. நடுவில் நிற்பது பொலிஷ் பஞ்சு. கடையிலேயே நாலைந்தை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்து, விரலுக்கு விளங்கிவிடும்.

கம்பளி பக்கம் இப்போதைக்குப் போகாதே. நல்ல வெட்டு, சூடும் குறைவு, நான் கராச்சில் தினமும் எடுப்பது அதுதான். ஆனால் கறுப்பு நிறத்தில் அது விட்டுப்போகும் மங்கலை எடுக்க இன்னும் ஒரு சுற்று, சில இடத்தில் இரண்டு சுற்று வேண்டும். மைக்ரோஃபைபர் பஞ்சும் அப்படித்தான், வேகமாக வெட்டும், பிறகு துப்புரவாக்கவேண்டும்.

தொழிலின் முதல் பாடம்: மென்மையில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் கடுமைக்கு ஏறு. பொனற்றில் ஒன்றரை அடிச் சதுரம் எடு, சுற்றிவர ரேப் ஒட்டு. நடுத்தரப் பஞ்சில் மெல்லிய பொலிஷ் போட்டு ஒருமுறை செய். துடைத்துவிட்டு வெயிலில் பார். கீறல் போய்விட்டால் கார் முழுக்க அதுதான். போகவில்லையென்றால் பஞ்சை மாற்றாமல் பொலிஷை ஒரு படி கடுமையாக்கு. அதிலும் சரிவராவிட்டால்தான் வெட்டுப் பஞ்சு. உன் காரில் பெயின்ட் எல்லாம் சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் தடிப்புத்தான். மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு அதில் பாதிகூட இராது. ஒருதரம் எடுத்தால் திரும்ப வராது.

ஒன்று கேட்கவேண்டும். இந்த வலைக் கீறல் எப்படி வந்தது?


ஸ்காபரோ குளிர்:

பெயின்டர் அண்ணை முக்கியமானதைச் சொல்லிவிட்டார், நான் சில்லறைகளைச் சொல்கிறேன்.

தட்டு 5 அங்குலம் என்றால் பஞ்சு 5½ வாங்குங்கள். பஞ்சு தட்டைவிடக் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கவேண்டும். சரிசமமாக இருந்தால் பம்பர் வளைவில் தட்டின் விளிம்பு பெயின்ட்டில் முட்டும், அந்த அடையாளம் பஞ்சால் வந்த கீறலைவிட மோசம். நடுவில் ஓட்டை உள்ள பஞ்சு கிடைத்தால் நல்லது, சூடு சேர்வது நடுவில்தான், தட்டில் நேராக ஒட்டவும் அந்த ஓட்டை உதவும். தடித்த பஞ்சு பார்க்கப் பெறுமதியாக இருக்கும், ஆனால் 15 மி.மீ. வீச்சின் அசைவில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

ஒரு பஞ்சில் முழுக் காரையும் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அக்ஸியோ அளவுக்கு நடுத்தரம் மூன்று, மென்மை இரண்டு வையுங்கள். கண்ணாடிக் காது, கதவுப் பிடி எல்லாம் கையால்.

வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று மெஷின் அனுப்பச் சொல்லும் மற்றவர்களுக்கு: இங்கே கனடாவில் 120 வோல்ட், அங்கே 230. நான் மச்சானுக்கு ஒன்று அனுப்பினேன். அவர் செருகின கையோடு புகை வந்தது. இப்போது அது அவருடைய மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறது.


பழைய ஆள்:

ஏன் இவ்வளவு பாடு? எங்கள் காலத்தில் பஞ்சுத் துணியும் கையும்தான். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து மினுக்கினால் முகம் பார்க்கலாம்.


சுன்னாகத்துப் பெயின்டர்:

ஐயா, அந்தக் காலத்துப் பெயின்ட் மென்மை, கை போதும். இன்றைய கிளியர் கோட்டில் கையால் மெழுகு பூசலாம், கீறலை மெழுகு நிரப்பி மறைக்கும், இரண்டு மழையில் திரும்ப வெளியே வரும். நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை கிடைப்பதும் இப்போது கஷ்டம்.


மொரிஸ் வீடு:

பழைய பெயின்ட் பற்றிக் கதை வந்ததால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு மொரிஸ் மைனர் நிற்கிறது. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி, பெற்றோலை ஒரு சொட்டுக் காட்டி ஸ்டார்ட் எடுத்த கதையை இங்கே கன பேருக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கு ஒற்றைப் பூச்சு, கிளியர் கோட் இல்லை. பொலிஷ் செய்யும்போது பஞ்சு முழுக்கப் பச்சையாகிவிடும். முதல்முறை நான் பயந்துபோனேன். ஒற்றைப் பூச்சில் அது வழக்கம், பஞ்சு கெதியில் நிறைந்துவிடுவதால் அடிக்கடி மாற்றவேண்டும், அவ்வளவுதான். ஆனால் தம்பி, உன் அக்ஸியோவில் வெள்ளைப் பஞ்சு கறுப்பாக மாறினால் உடனே நிறுத்து. கிளியர் கோட்டைத் தாண்டி நிறத்துக்குப் போய்விட்டாய் என்று அர்த்தம். (ரப்பர் ஓரத்திலோ மட்காட் பிளாஸ்டிக்கிலோ உரசினாலும் கறுப்பு வரும், அதையும் பார்த்துக்கொள்.)

என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் வாங்க மனம் வராமல் வீட்டில் இருந்த கிரைண்டரில் கம்பளியை மாட்டினேன். சும்மா சுழலும் பொலிஷ் மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 சுற்று, கிரைண்டர் 11,000 வரை. பொனற் விளிம்பில் இரண்டு செக்கன் நின்றிருக்கும். இரும்பு தெரிந்தது. அந்த இடத்தில் இப்போது விருந்தாளிகள் வந்தால் நான் சாய்ந்துகொண்டு நிற்பேன்.


கொக்குவில் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி. என் மஞ்சளை விரலால் அழுத்திப் பார்த்தேன், கல்லு மாதிரி. அதை ஒதுக்கிவிட்டு நடுத்தரத்துக்கு வெள்ளை மூன்று, மென்மைக்குக் கறுப்பு இரண்டு வாங்கினேன். நேற்றுப் பின்னேரம் பொனற்றில் சதுரம் ஒட்டிச் செய்து பார்த்தேன். முதல் சதுரம் நன்றாக வந்தது, வலை முக்கால்வாசி போய்விட்டது. மூன்றாவதில் ஒரே தூள் பறந்தது, துடைக்கத் துடைக்கப் போகவில்லை, புதிதாக மெல்லிய கோடுகளும் வந்தன. பஞ்சும் மெஷினில் நிற்காமல் ஒருபக்கம் வழுக்குகிறது. என்ன பிழை?


சுன்னாகத்துப் பெயின்டர்:

பஞ்சை இடையில் துப்புரவாக்கினாயா? இல்லையென்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு சதுரத்திலும் காய்ந்த பொலிஷும் உரிந்த பெயின்ட்டும் சேர்ந்து பஞ்சின் முகத்தில் அடைபோல ஒட்டும். அதன் மேலேயே புதுப் பொலிஷை விட்டால் அந்த அடைதான் தேய்க்கும், பஞ்சு இல்லை. புதுக் கோடு அங்கிருந்து வந்தது.

ஒரு சதுரம் முடிந்ததும் மெஷினைத் திருப்பிப் பிடி, மெதுவாக ஓடவிட்டு மென்மையான நைலோன் பிரஷ்ஷை முகத்தில் வை. பழைய பல்லுப் பிரஷ்கூடப் போதும். வெள்ளைத் தூள் பறக்கும், பறக்கட்டும், மூக்கை மூடு. காற்று அடிக்கும் பம்ப் இருந்தால் அதைவிட நல்லது. இரண்டு மூன்று பகுதி முடிந்ததும் அந்தப் பஞ்சைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடு. கன பேர் பஞ்சு தேய்ந்துபோனது என்று எறிவார்கள். அது தேயவில்லை, ஊறிப்போயிருக்கும். ஈரம் கூடினால் பஞ்சு தொய்யும், சூடு கூடும், வெட்டாது.

அளவு: புதுப் பஞ்சுக்கு முதல்தரம் மட்டும் முகம் முழுக்க மெல்லிசாகத் தடவிவிடு. அதன் பிறகு கடலைக் கொட்டை அளவில் மூன்று நாலு சொட்டு. கூட விட்டால் கூட மினுங்கும் என்பது பொய்.

வழுக்குவது பஞ்சைத் தட்டில் ஒட்டிப் பிடிக்கும் வெல்க்ரோ சூடானதால். நடுவில் பசை இளகி, கொக்கிகள் மடிந்துபோகும். மெஷினைச் சரித்து ஒரு விளிம்பில் அழுத்தினாலும் அப்படி வரும். தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடு. வேலை செய்யும்போது அந்தக் கோடு ஆறுதலாகச் சுற்றவேண்டும். சுற்றாமல் ஓரிடத்தில் நடுங்கினால் அழுத்தம் கூட, அல்லது சரித்துப் பிடிக்கிறாய். வேலை முடிந்ததும் பஞ்சை உடனே கழற்று. மெஷினைப் பஞ்சின் மேல் குந்தவைக்காதே, காலையில் அது அடைத்த தலையணை மாதிரிச் சரிந்துபோய் இருக்கும்.

இன்னொன்று, பின்னேரம் என்றாய். பகல் முழுக்க வெயிலில் நின்ற பொனற் பின்னேரமும் சூடுதான், பொலிஷ் அதில் உடனே காயும். விடிய ஆறு மணிக்குச் செய். சோளகக் காற்று எழும்ப முன்னம் முடித்துவிடு, பிறகு ஒழுங்கைத் தூசி எல்லாம் பஞ்சில்தான்.

கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கீறல் எப்படி வந்தது?


பருத்தித்துறைக் காற்று:

இடையில் புகுந்து கேட்கிறேன். பஞ்சைக் கழுவுவது பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? நான் உடுப்புக் கழுவும் சவர்க்காரக் கட்டியால் கிணற்றடியில் வைத்துக் கும்மிக் கழுவினேன். காய்ந்ததும் பஞ்சு மொரமொரத்துப்போய், முகத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பொலிஷ்தான் போகவில்லை என்று இரண்டாம் தரமும் கழுவினேன். இன்னும் கூடிவிட்டது. எங்கள் பக்கம் தண்ணீர் கொஞ்சம் சவர்.


வேதியியல் ரீச்சர்:

அது பொலிஷ் இல்லை, சவர்க்காரம். எனக்குக் கார் இல்லை, என் கணவருடைய மோட்டார்சைக்கிள் பைத்தியத்தால் இந்த இழைக்கு வந்தேன். ஆனால் இந்தப் பாடம் என்னுடையது.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைத் தண்ணீர் அதனூடாக இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வரும். கேத்திலின் அடியில் படிவதும் அதுதான். இது வன்னீர். சவர்க்காரக் கட்டி கொழுப்பமிலத்தின் உப்பு, வன்னீரில் உள்ள கல்சியத்தோடு சேர்ந்து கரையாத பாலாடை மாதிரி ஒன்றாகிவிடும். உடுப்பில் என்றால் அலசிப்போகும். பஞ்சு ஆயிரம் துவாரங்கள் உள்ளது, உள்ளே போனது வெளியே வராது. நீங்கள் கழுவக் கழுவக் கூடியது அதனால்தான்.

பாத்திரம் கழுவும் திரவம் போடுங்கள். அது சவர்க்காரம் இல்லை, செயற்கைக் கழுவி, கல்சியத்தோடு அவ்வளவு சண்டை பிடிக்காது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமத்தி அமத்தி எடுங்கள். பழம் பிழிவது மாதிரி முறுக்கவேண்டாம், வெல்க்ரோ ஒட்டிய பசை விட்டுவிடும். தண்ணீர் தெளிவாகும்வரை அலசுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத் தண்ணீர் ஒரு லீற்றர் எடுத்தால், காயும்போது சுண்ணாம்பு படியாது.

ஏற்கெனவே மொரமொரத்த உங்கள் பஞ்சுக்கு, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கோப்பை வினாகிரி விட்டு ஊறவைத்துப் பாருங்கள். அமிலம் அந்தப் படிவை உடைக்கும். பிறகு வடிவாக அலசவேண்டும்.


பருத்தித்துறைக் காற்று:

ரீச்சர், வினாகிரி வேலை செய்தது. முழுசாகப் போகவில்லை, ஆனால் பஞ்சு திரும்பப் பஞ்சாகிவிட்டது. மனைவி மட்டும் ஊறுகாய் மணக்குது என்கிறார்.


ஸ்காபரோ குளிர்:

கழுவுவதில் இரண்டு விலக்கு. மைக்ரோஃபைபர் பஞ்சுக்கு உடுப்பு மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள், இழைகளில் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒட்டி வெட்டைக் குறைத்துவிடும். கொதிநீரும் வேண்டாம், உடுப்புக் காயவைக்கும் மெஷினின் சூடும் வேண்டாம். நான் கழுவின பஞ்சைத் திரும்ப மெஷினில் மாட்டி, வெறும் வாளிக்குள் பிடித்து மெதுவாகச் சுற்றவிடுவேன். தண்ணீர் சிதறிப்போய்விடும், காய்வது பாதியாகிவிடும். சட்டையை மாற்றிக்கொண்டு செய்யுங்கள்.

பிறகு வெல்க்ரோ கீழே இருக்கும்படி வைத்துக் காயவிடுவேன். வேலை செய்யும் முகம் ஒன்றிலும் படாது.


சுன்னாகத்துப் பெயின்டர்:

இதில் நான் ஒத்துப்போகமாட்டேன். வெல்க்ரோ கீழே என்றால் தண்ணீர் முழுக்க இறங்கிப் பசையில் நிற்கும். முகம் கீழே இருக்கவேண்டும், ஆனால் காற்றுப் போகும் தட்டில். வெயிலில் வேண்டாம், நம்முடைய வெயிலில் பஞ்சு விறைத்து, கொஞ்ச நாளில் விரல் பட்டாலே உதிரும். கொடியில் கவ்வி போட்டும் தொங்கவிடாதீர்கள், விளிம்பு கிழியும். ஃபானுக்குக் கீழே ஒரு இரவு.


மொரிஸ் வீடு:

காற்றுப் போகும் தட்டு என்றால் இடியப்பத் தட்டுத்தான். அளவும் ஏறக்குறையச் சரி, அடுக்கியும் வைக்கலாம். ஒருமுறை பாவித்தேன். அதன்பிறகு எனக்கென்று தனியாக ஆறு தட்டு வாங்கவேண்டி வந்தது, பழையதை அம்மா தொடவில்லை.


ஸ்காபரோ குளிர்:

இடியப்பத் தட்டு இருக்கிறது என்றால் முகம் கீழே வைப்பதற்கு நானும் சம்மதம். இங்கே அதற்கு எங்கே போவது.


சுன்னாகத்துப் பெயின்டர்:

காய்ந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனி சிப் பையில் போடுங்கள். முழுக்கக் காயாமல் போட்டால் மாரி காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஒன்றுமில்லையென்றால் சொப்பின் பையாவது போதும், திறந்த றாக்கையில் மட்டும் வேண்டாம். வெல்க்ரோப் பக்கத்தில் மார்க்கரால் எழுதுங்கள்: கடும், மெல்லிசு, மெழுகு. கடும் கொம்பவுண்ட் (வெட்டும் பொலிஷ்) பாவித்த பஞ்சை எவ்வளவு கழுவினாலும் மினுக்கலுக்கு எடுக்காதீர்கள், உள்ளே அதன் ஒரு துகள் நின்றாலே போதும், கீறிவிடும். நிலத்தில் விழுந்த பஞ்சை ஊதிவிட்டுத் திரும்பப் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். எங்கள் செம்பாட்டு மண்ணில் விழுந்தால் அதைக் கழுவும்வரை தொடவேண்டாம். கடற்கரைப் பக்கத்து மணல் என்றால் எறிந்துவிடுங்கள்.

எப்போது எறிவது என்று கேட்பீர்கள். விளிம்பு பிய்ந்தால், அழுத்தினால் எழும்பாவிட்டால், நடுவில் கட்டியாக விறைத்திருந்தால், வெல்க்ரோ ஒரு மூலையில் கிளம்பினால். பசை போட்டு ஒட்டிப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடும்போது கழன்று பறந்த பஞ்சு ஒன்று எங்கள் கராச் சாமிப்படத்தை விழுத்தியிருக்கிறது.


கொக்குவில் பெடியன்:

இரண்டு கிழமை இந்தப் பக்கம் வரவில்லை, வேலை முடிந்தது. பொனற்றுக்கும் டிக்கிக்கும் வெள்ளையின் வெட்டுப் போதாமல் செம்மஞ்சள் ஒன்று வாங்கினேன், கதவுகள் எல்லாம் வெள்ளையிலேயே வந்தன. விடிய ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு நிறுத்தி, நாலு நாள் எடுத்தது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பிரஷ் போட்டேன், தட்டில் கோடும் போட்டேன். அது இவ்வளவு உதவும் என்று நினைக்கவில்லை, நான் முழுநேரமும் சரித்துத்தான் பிடித்திருக்கிறேன்.

ஒரு பிழை விட்டேன். மூன்றாம் நாள் செம்மஞ்சளும் கறுப்பும் ஒரே வாளியில் ஊறின. கறுப்பால் கடைசிச் சுற்றுப் போட்டபோது வலதுபக்கக் கதவில் மங்கல் வந்தது. பெயின்டர் அண்ணை சொன்ன அந்த 'ஒரு துகள்'. மற்றக் கறுப்பால் திரும்பச் செய்தேன், போய்விட்டது. இப்போது வாளியும் தனித்தனி.

கலியாணம் நல்லபடி முடிந்தது. காரை ஒருவரும் பார்க்கவில்லை, எல்லோரும் மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பார்த்தார்கள்.

பெயின்டர் அண்ணை இரண்டுதரம் கேட்ட கேள்விக்குப் பதில் இன்றுதான் தெரியும். விடிய வெளியே வந்தால் அப்பா காரைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் இல்லை. ஒழுங்கைத் தூசி அப்படியே மேலே இருக்க, பழைய சாரத் துணி ஒன்றை நாலாக மடித்து, வட்டம் வட்டமாக. கார் வாங்கின நாள் தொடக்கம் இதுதானாம், "தினமும் துடைக்கிறபடியால்தான் இவ்வளவு வடிவாக இருக்கு" என்கிறார்.


சுன்னாகத்துப் பெயின்டர்:

அதைத்தான் நினைத்தேன். காய்ந்த தூசியைத் துணியால் இழுத்தால் அது மணல்தாள். முதலில் தண்ணீர் அடித்துத் தூசியை விழுத்தவேண்டும், பிறகு நுரை, கடைசியில் மைக்ரோஃபைபர் துவாயால் ஒற்றி எடுக்கவேண்டும். அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்பது உன் பாடு.


கொக்குவில் பெடியன்:

சொல்லப் பயத்தில் சாரத்தை எடுத்து ஒளித்து வைத்தேன். இன்று விடியப் பார்த்தால், என்னுடைய புதுச் சாரத்தைக் கிழித்து வைத்திருக்கிறார்.


சுன்னாகத்துப் பெயின்டர்:

முதலில் வாங்கின அந்த மஞ்சள் பஞ்சை எறிந்துவிடாதே, தம்பி.